ஜுரம் இறங்கிவிட்டது என்று நாங்கள் நிம்மதியானபோதுதான் நைனாவின் காலுக்குள் ரத்தம் உறைந்துகொண்டிருந்தது

ஐப்பசி மழை விட்ட மறுநாள் நைனா ஒடுகத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் நிலத்துக்கு வரப்பு வெட்டப் போனார். வலது பாதத்தில் சீமைக்கருவேல முள் ஏறியது. அவரே பிடுங்கிப் போட்டுவிட்டு, வேலையை முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். மூன்றாம் நாள் ராத்திரி குளிர்ஜுரம், 103. “காலு நெருப்பாட்டம் கொதிக்குதும்மா” என்றார். புறங்காலிலிருந்து கெண்டைக்கால் வரை சிவந்து, தொட்டால் துள்ளினார். மறுநாள் ஊரில் ஒரு ஊசி, நான்கு மாத்திரை. ஐந்தாம் நாள் வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். செல்லுலைட்டிஸ் என்றார்கள், தோலுக்கு அடியில் உள்ள திசுவில் பாக்டீரியா பரவுவது. வெள்ளை அணுக்கள் 19,400. அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. 186. இரண்டுமே மிக அதிகம். அவருக்கு வயது 71, எடை 60 கிலோ. தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், அம்மா இல்லை. பக்கத்தில் இருந்தது நான் மட்டும்தான். 14 வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இந்த வியாதியின் ஒவ்வொரு எண்ணும் என் கை வழியாகப் போகிற எண்தான். அப்படியிருந்தும் அவர் காலுக்குள் ரத்தம் உறைவதைக் கண்டுபிடிக்காமல் ஐந்து நாள் கோட்டை விட்டேன். மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்பதை, நாளைக்கு இன்னொரு வீட்டில் தனியாக நிற்கப் போகிறவருக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு சேர்த்த அன்றைக்கே நடந்தது. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் பி.டி. பரிசோதனைக்கு நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து உறையாமல் வைக்கும் சிட்ரேட் திரவம் 0.3 மில்லி அதில் முன்பே இருக்கும், ரத்தம் 2.7 மில்லி சேர வேண்டும். ஒன்பதுக்கு ஒன்று, அதுதான் கணக்கு. ஜுரத்தில் நைனாவின் நரம்பு ஒட்டிப்போய்க் கிடந்தது. பாதிக் குழாய் வந்ததும் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும். அது மெஷினில் சேர்க்கும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், உறைய நேரமாகும். 13 விநாடி வரவேண்டிய இடத்தில் 18.9 என்று வந்தது. “ரத்தம் ஏற்கனவே நீர்த்துதான் இருக்கு, உறையாம இருக்கிற ஊசி வேணாம்” என்று வார்டில் முடிவானது. இரண்டு நாள் கழித்துக் குழாயைக் கோடு வரை நிரப்பி எடுத்தபோது 14.1. அதற்குள் அந்த ஊசிப் பேச்சு எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. என் கூடத்துக்கு அப்படி ஒரு குழாய் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நைனாவின் குழாயை நான் கண்ணால் பார்க்கக்கூட இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் வீட்டு ஆளுக்கு நீலக் குழாயில் எடுக்கும்போது, குழாயில் போட்டிருக்கும் கோடு வரை ரத்தம் வந்ததா என்று மட்டும் பாருங்கள். வராவிட்டால் வேறு கையில், புதுக் குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. பி.டி. நிஜமாகவே கூடியிருந்தாலும் அது ரத்தக்கட்டிக்குக் காவல் ஆகாது. கடுமையான தொற்றில் உறையவைக்கும் புரதங்கள் செலவாகித் தீர்வதாலும் பி.டி. கூடும், ஒரு பக்கம் உறைந்துகொண்டே இன்னொரு பக்கம் கசியும்.

முள் குத்தியது பாதத்தில், கிருமி தோலுக்கு அடியில். அப்படியிருக்க உள்ளே ஆழத்தில் ஓடும் பெரிய சிரையில் ரத்தம் ஏன் உறைய வேண்டும்? நைனா இதைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பாலாற்றில் வெள்ளம் வந்து கரை உடையும்போது மணல் மூட்டையை அடுக்குவார்களே, நம் உடம்பும் கிருமியைக் கண்டால் அப்படித்தான் வழியை அடைக்கும். இது மிகப் பழைய பழக்கம். குதிரைலாட நண்டுக்கு ரத்தத்தில் ஒரே வகை அணுதான் பிரதானம்; கிருமியோடு சண்டை போடுவதும் அதுவே, ரத்தத்தை உறையவைப்பதும் அதுவே. பாக்டீரியா நஞ்சு துளி பட்டால் அந்த நண்டின் ரத்தம் கெட்டியாகிவிடும் என்பதை வைத்துத்தான் ஊசி மருந்துகளில் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். நமக்கு இரண்டு வேலையும் பிரிந்துவிட்டன, ஆனால் உறவு அறுபடவில்லை. மோனோசைட் என்கிற வெள்ளை அணு சாதாரண நாளில் ரத்தத்தை உறையவைக்காது. பாக்டீரியாவின் துண்டு பட்டதும் சில மணி நேரத்தில் டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதத்தைச் செய்து தன் மேல்தோலில் நிறுத்திக்கொள்ளும். இந்தப் புரதம் வழக்கமாக ரத்தக்குழாய்க்கு வெளியேதான் இருக்கும், குழாய் அறுந்தால் ரத்தம் அதைத் தொட்டு உறைவதற்காக. மோனோசைட் அதைச் சுமந்துகொண்டு குழாய்க்குள்ளேயே சுற்றினால், அறுபடாத இடத்திலும் காயம் பட்டதாக உடம்பு எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் இருக்கும் உறைதல் புரதங்களில் ஏழாம் காரணி அதில் ஒட்டும், பத்தாம் காரணி விழிக்கும், த்ராம்பின் பிறக்கும், த்ராம்பின் ஃபைப்ரின் நூலை நூற்கும். கிருமி மிஞ்சிப்போனால் இந்த அணுக்களில் சில தம் மேல்தோலைத் தாமே ஓட்டை போட்டு வெடிக்கும். அப்போது டிஷ்யூ ஃபேக்டர் ஒட்டிய சிறு குமிழிகள் ரத்தமெங்கும் சிதறும்.

நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளை அணு செய்வது இன்னும் துணிச்சலான வேலை. தன் கருவில் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ.வை அவிழ்த்து வெளியே வலையாக வீசும். பெர்லினில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் இதை முதலில் காட்டினார்கள். கிருமியைப் பிடிக்க வீசிய வலைதான். ஆனால் அதில் தட்டணுவும் (பிளேட்லெட்) சிவப்பணுவும் சேர்ந்தே மாட்டும். வலையில் ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன் புரதம் தட்டணுக்களைக் கிளப்பிவிடும். கூடவே வரும் எலாஸ்டேஸ், உறைதலுக்குத் தடை போடும் புரதத்தை வெட்டிப்போடும். குழாயின் உள்தோலும் அழற்சியில் கட்சி மாறும். வழக்கமாக வழவழப்பாக இருந்து உறையாமல் காக்கும் தோல், ஒட்டும் புரதங்களை வெளியே நீட்டி, காக்கும் த்ராம்போமாடுலின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொள்ளும். கட்டி கரைவதையும் பி.ஏ.ஐ.-1 என்ற புரதம் தடுக்கும். ஈரல் தன் பங்குக்கு, ஃபைப்ரின் நூலுக்கு மூலப்பொருளான ஃபைப்ரினோஜனைக் கூட்டும். சாதாரணமாக 200 முதல் 400 இருக்கும், நைனாவுக்கு 640. சிவப்பணு குழாயில் படியும் வேகத்தை அளக்கும் ஈ.எஸ்.ஆர். ஜுரத்தில் ஏறுவதற்கே முக்கியக் காரணம், கூடிப்போன ஃபைப்ரினோஜன் சிவப்பணுக்களைக் காசு அடுக்கினாற்போல் அடுக்குவதுதான். நோயெதிர்ப்பும் உறைதலும் கைகோத்துச் செய்யும் இந்த வேலைக்கு 2013-ல் இம்யூனோத்ரோம்போசிஸ் என்று பெயர் வைத்தார்கள். சிறு குழாயில் அளவோடு நடந்தால் கிருமி பரவாமல் தடுக்கும் அணை. படுக்கையில் ஏழு நாள் அசையாமல் கிடக்கும் 71 வயது ஆளின் காலில், சிரை வால்வுகளின் மடிப்பில் ரத்தம் தேங்கி நிற்கும் இடத்தில் நடந்தால், அதுவே ஆளைக் கொல்லும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சேர்த்த அன்றே கேட்க வேண்டியது: “கட்டி வராமல் இருக்க ஊசி போடுகிறீர்களா, இல்லையென்றால் ஏன்?” ஆபத்தைக் கூட்டிப் பார்க்க பாதுவா மதிப்பெண் என்று ஒரு கணக்கு உண்டு. கக்கூசுக்கு மட்டும் எழுந்து போகும் அளவில் மூன்று நாளாவது படுக்கை என்றால் 3, கடுந்தொற்றுக்கு 1, வயது 70 ஆகிவிட்டால் 1, அதிகப் பருமனுக்கு 1, புற்றுநோய்க்கு 3, முன்பே கட்டி வந்திருந்தால் 3. இன்னும் சில உண்டு. மொத்தம் 4 வந்தாலே ஆபத்து அதிகம். நைனாவுக்கு 5. ரத்தக்கசிவு ஆபத்து இல்லாதவர்களுக்கு வழக்கமாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் இனாக்ஸபாரின் ஊசி 40 மி.கி. தினம் ஒரு வேளை போடுவார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைப்பார்கள், அல்லது சாதா ஹெபாரின் போடுவார்கள். டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் யாராவது யோசித்து வேண்டாம் என்றார்களா, யாருமே யோசிக்கவில்லையா என்பது கேட்டால்தான் தெரியும்.

சேர்த்த ஐந்தாம் நாள் ஜுரம் நின்றது. சிவப்பு பாதியாக வாடியது. நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார், நானும் ரங்காபுரத்தில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அன்று சாயங்காலம்தான் நைனா, “கெண்டைக்காலு உள்ளார இழுத்துப் புடிக்குதும்மா, பாறையாட்டம் கீது” என்றார். ரவுண்ட்ஸ் வந்தவரிடம் சொன்னேன். செல்லுலைட்டிஸ் வீக்கம் மெதுவாகத்தான் வடியும் என்றார். அது உண்மையும்கூட. அதனால்தான் ஏமாந்தேன். இரண்டு வீக்கமும் ஒரே காலில் இருக்கும்போது கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. தையல்காரர் டேப்பும் பேனாவும் வேண்டும். முதல் நாளே சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி ஒரு புள்ளி வையுங்கள். தினமும் காலையில், கால் நீட்டிப் படுத்திருக்கும்போதே, அந்த இடத்தில் இரண்டு காலின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். சிவப்பு கோட்டுக்குள் சுருங்கிக்கொண்டு வர, சுற்றளவு மட்டும் குறையாமல் நின்றாலோ ஏறினாலோ அது தொற்றின் வீக்கம் மட்டும்தானா என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டு காலுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால், காலில் கட்டி இருக்குமா என்று கணிக்கும் வெல்ஸ் கணக்கில் அதற்கென்றே ஒரு மதிப்பெண் உண்டு. பாதத்தில் முள் குத்தியவருக்குத் தொடையும் வீங்கினால் கேட்கவே வேண்டாம். ஏழாம் நாள் 38,500 ரூபாய் கட்டிவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். பக்கத்து வீட்டு ஆயா நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து உருவிவிடவா என்றார். நைனா வலிக்குது என்று மறுத்தது எங்கள் நல்ல காலம். கட்டி இருக்கும் காலை உருவினால் அது பெயர்ந்து நேராக நுரையீரலுக்குப் போகலாம்.

வீட்டில் மூன்றாம் நாள் டேப் வைத்து அளந்தேன். வலது 39, இடது 34. உடனே டாப்ளர் ஸ்கேனுக்குப் போயிருக்க வேண்டும். ஊர் கிளினிக்கில் முதலில், ரத்தக்கட்டி கரையும்போது உண்டாகும் துண்டுகளை அளக்கும் டி-டைமர் பரிசோதனை பார்க்கச் சொன்னார்கள், போனேன். 1.8 என்று வந்தது. தம்பி போனில், “எனக்கு கொரோனா டைம்ல 300 வந்துதே, இது ஒண்ணுமேயில்ல” என்றான். ஒரு நொடி எனக்கும் ஆறுதலாக இருந்தது. அப்புறம்தான் அலகைப் பார்த்தேன். டி-டைமரை ஒரு கூடம் மில்லிக்கு மைக்ரோகிராமில் தரும், இன்னொன்று நானோகிராமில் தரும், 1.8 மைக்ரோகிராம் என்பது 1,800 நானோகிராம். அதோடு டி.டி.யூ., எஃப்.இ.யூ. என்று இரண்டு கணக்கு வேறு. முதலாவதை இரண்டால் பெருக்கினால்தான் இரண்டாவது வரும். எஃப்.இ.யூ.வில் 500-க்குக் கீழ் என்பது வழக்கமான வரம்பு. 50 வயது தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கிக்கொள்வார்கள், நைனாவுக்கு 710. சந்தேகத்தில் இன்னொரு கூடத்தில் கொடுத்தேன், எஃப்.இ.யூ.வில் 3,400 வந்தது. முதல் கூடத்தின் 1,800 டி.டி.யூ. கணக்கு, இரண்டால் பெருக்கினால் 3,600. இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். 2,300 ரூபாயும் ஒரு பகலும் போயின. உண்மையில் அந்தச் சோதனையே தேவையில்லை. டி-டைமர் கட்டி இல்லை என்று சொல்லத்தான் உதவும். பத்து நாளாக அழற்சி இருந்த உடம்பில் அது எப்படியும் ஏறித்தான் இருக்கும். கால் 5 செ.மீ. வீங்கியிருக்க, நேராக டாப்ளர் ஸ்கேன்தான். அதில் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுங்கும், கட்டி இருந்தால் அமுங்காது. அவ்வளவுதான், பத்து இருபது நிமிஷம், 2,200 ரூபாய்.

அன்று ராத்திரி பத்தரைக்கு நைனா எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. வலது விலாவில் குத்து. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 90, நாடித்துடிப்பு 120. வீட்டில் யாரும் இல்லை. என் கை நடுங்கியதில் 108-ஐ இரண்டு முறை தப்பாக அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வேலூர் போய்ச் சேரும் வரை அவர் கையை விடவில்லை; செத்துப்போவார் என்றே நினைத்தேன். அங்கே டாப்ளரில் முழங்கால் பின்சிரையிலிருந்து தொடைச் சிரை வரை கட்டி. சி.டி. ஆஞ்சியோவில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதிக் குழாயில் அதிலிருந்து பெயர்ந்த துண்டு. ரத்த அழுத்தம் விழாமல் இருந்ததால் கட்டியைக் கரைக்கும் மருந்து தேவைப்படவில்லை. இனாக்ஸபாரின் கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் 60 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. நான்கு நாளில் 61,200 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வைத்து கலெக்டர் ஆபீசில் எடுத்துவைத்திருக்க வேண்டியது. நோய் வந்தபிறகு அதற்கு ஓட ஆள் இல்லை. எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல், சம்பளமில்லாத விடுப்பு 26 நாள்.

இடையில் நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் வேலூர் சுற்றுவட்டாரத்தில் ஸ்க்ரப் டைஃபஸ் நிறைய வரும். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. அந்தக் கிருமி ரத்தக்குழாயின் உள்தோலுக்குள்ளேயே குடியேறும். அதனால் அதிலும் உறைதல் தூண்டப்பட்டுத் தட்டணுக்கள் குறையும். டெங்கு என்று நினைத்துத் தட்டணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடி, இடுப்புக்கயிறு கட்டும் இடம் எல்லாம் துணி விலக்கித் தேடுங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கருத்த பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டாலும் அது இல்லை என்று ஆகிவிடாது. எல்லோருக்கும் பொருக்கு வராது. டாக்சிசைக்ளின் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஜுரம் இறங்கும். எந்தக் கடும் ஜுரத்திலும் தட்டணு நாளுக்கு நாள் குறைந்து, பி.டி. கூடி, ஃபைப்ரினோஜன் விழுந்தால் அது உடம்பு முழுக்க உறைதல் நடக்கிறது என்பதன் அடையாளம். ஒரு நாள் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நேற்றைய, முந்தாநாளைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வீட்டில் மூன்று நாள் ஊசி நான்தான் போட்டேன். ஊசிக்குள் சிறு காற்றுக்குமிழி இருக்கும். முழு அளவும் போடும்போது அதை வெளியேற்றக் கூடாது, மருந்து கடைசித் துளி வரை இறங்க அதுதான் தள்ளும். தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, தோலை மடிப்பாகப் பிடித்து, நேர் செங்குத்தாக முழு ஊசியும் இறக்கி, மருந்து போய் ஊசியை எடுக்கும் வரை மடிப்பை விடாமல் வைத்திருக்க வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. முதல் நாள் பழக்கதோஷத்தில் தேய்த்துவிட்டேன், உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றியது. ஒரு வேளை வலப்பக்கம், மறுவேளை இடப்பக்கம். ஹெபாரின் வகை ஊசி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தட்டணு எண்ணிக்கை ஒரு முறையாவது பாருங்கள். பாதியாக விழுந்தால் அந்த மருந்தே கட்டியை உண்டாக்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், உடனே டாக்டரிடம் காட்டி மருந்தை மாற்ற வேண்டும்.

பிறகு ரிவராக்ஸபன் மாத்திரை. முதல் 21 நாள் 15 மி.கி. இரண்டு வேளை, அதற்கப்புறம் 20 மி.கி. ஒரு வேளை என்பது வழக்கமான கணக்கு. ஊசி போட்ட நாட்களை 21-ல் சேர்ப்பதா என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு அளவையும் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் முழுதாக உடம்பில் சேராது. மருந்துக்கடையில் 15-க்குப் பதில் 20 பட்டையைக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பார்த்துத்தான் திருப்பினேன். காலண்டரில் 22-ம் நாளைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்தேன். இந்த மாத்திரை, ஏற்கனவே இருக்கும் கட்டியைக் கரைக்காது, வளராமல் நிறுத்தும். கரைப்பது உடம்பின் வேலை, அதற்கு மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விட்டது என்று நைனா ஆறாவது வாரத்தில் நிறுத்தப் பார்த்தார், சண்டை போட்டுத்தான் மூன்று மாதம் முடிக்க வைத்தேன். முட்டிவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், புரூஃபன் இரண்டும் இந்த மாத்திரையோடு சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியலாம். மலம் தார்போல் கறுத்தால் உடனே கிளம்பிவிட வேண்டும். காசநோய்க்குச் சாப்பிடும் ரிஃபாம்பிசின் இதன் பலத்தைக் குறைத்துவிடும். செலவு பார்த்து அசிட்ரோம் போன்ற பழைய மாத்திரை எழுதினால், பி.டி.யிலிருந்து கணக்கிடும் ஐ.என்.ஆர். என்ற எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். அதைச் சாப்பிடுகிறவர் கீரையை விட வேண்டியதில்லை, ஒரு வாரம் தினம் கீரை, மறுவாரம் கீரையே இல்லை என்று மாற்றாமல் இருந்தால் போதும்.

இப்போது வலது கெண்டைக்கால் 35, இடது 34. நுரையீரல் தேறிவிட்டது. முள் உள்ளே வந்த வழி ஆறிவிட்டாலும், கிருமி மறுபடி வரக்கூடிய வழி இன்னொன்று அவர் காலிலேயே இருந்தது: நாலாவது ஐந்தாவது விரலிடுக்கில் வருஷக்கணக்காக இருந்த சேற்றுப்புண். அந்த வெடிப்பு வழியாகத்தான் நிறைய பேருக்குச் செல்லுலைட்டிஸ் திரும்பத் திரும்ப வருகிறது. க்ளோட்ரிமசோல் களிம்பு இரண்டு வேளை, நான்கு வாரம். புண் மறைந்த பிறகும் நிறுத்தாமல் போட்டோம். நிலத்திலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு இடுக்கையும் தனித்துணியால் ஈரம் போகத் துடைக்கிறார். வரப்பு வேலைக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், 450 ரூபாய்.